எட்டாவது துண்டு

“முழு வட்டத்தையும் ஓட்டிப் பார்க்கணும் சார்.”

இதைக் கேட்கவே கூடாது என்று மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள். மோட்டாரின் படத்தை எட்டாக வெட்டி ஒரு துண்டின் காந்தப்புலத்தைக் கணினியில் கணக்கிட்டால் போதும். மற்ற ஏழும் அதன் நகல்கள். முழுசாக ஓட்டினால் கணினி நாள்கணக்கில் முடங்கும்.

“ஆனா சோதனையில, சுத்துக்கு ஒரு தடவை உள்ளே ‘டொக்’னு தட்டுதாம் சார். துண்டுக் கணக்குல அது வராது.”

“கேக்கை ருசி பார்க்க முழுசையும் முழுங்குவியாம்மா?” என்றார் மேலாளர்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே மோட்டாரை அனுப்ப ஒப்புதலையும் கொடுத்துத் தொலைத்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போகும் மோட்டார். வீட்டிலேயே முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள், பல்லிளிக்கத்தான் படித்தாளா? தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

விடுமுறையில் யாருக்கும் தெரியாமல் முழு வட்டத்தையும் ஓட்டவிட்டாள். மோட்டாரை ஏற்ற லாரி வரவிருந்த மாலை, சோதனை அறையில், கருகிய வார்னிஷ் வாசமும் டியூப்லைட்டின் முனகலும் சேர்ந்து நெற்றியை அழுத்த, படம் திரையில் மெல்ல விரிந்தது. ஏழு துண்டுகள் அச்சடித்தாற்போல் ஒன்று. எட்டாவதில் கோடுகள் எதற்கோ வழிவிட்டு வளைந்திருந்தன. உள்ளிருந்து முட்டும் ஐந்து விரல்நுனிகளுக்கு.

டொக்.

மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சோதனைக்கார அண்ணன் மின்கம்பியைக் கழற்றினார். சுழல்தண்டு நின்றது.

டொக்.

“ஒயரு என் கையில இருக்கு தங்கச்சி.” அவர் கம்பியைத் தூக்கிக் காட்டினார். “இது எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர் இல்ல. நான் கெளம்புறேன். நீயும் வந்துடு.”

அவள் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரர் நெற்றிபோல் சுட்டது. சரியாகக் கைக்குக் கீழே, டொக். கையை எடுத்து ஓரமாக வைத்தாள். அங்கேயும். டொக்.

கணினிக்குத் திரும்பி இரண்டு வரி தட்டி அனுப்பினாள். போன் அலறியது. மேலாளர்.

“லாரி வந்தாச்சு. என்னம்மா வேடிக்கை பார்த்துட்டிருக்கே?”

“ஒப்புதலை ரத்து பண்ணிட்டேன் சார். படத்தை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியாச்சு.”

“யாரைக் கேட்டு? வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும். இப்பவும் சிரிங்க சார்.”

பையை மாட்டினாள். விளக்கை அணைக்கவில்லை. கதவைச் சாத்தும்போதுதான் கதவுக் கண்ணாடி வழியே கண்ணில் பட்டது: மோட்டாரின் கெட்டி இரும்பு உறை, சாம்பல் பெயின்ட் மெல்ல வெடித்து, ஐந்து இடங்களில் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

அவள் நடந்தாள்.