அங்கிக்குள் இருந்தவன்

அங்கியின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. போன பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு இரும்பு அலமாரியை விட்டு வெளியே வராத துணி, சற்றுமுன் யாரோ கழற்றிப் போட்டதைப்போல. படம் வரையும் அக்கா கையை உதறிக்கொண்டு, அதைத் தம்பியின் தோளில் மாட்டிவிட்டாள்.

படத்துக்காக உட்காரத் துணைவேந்தர்களுக்கு நேரம் ஏது? பல்கலைக்கழக மன்றத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் அத்தனை பேருக்கும் உடம்பு அவள் தம்பியுடையதுதான். கழுத்துக்கு மேலே மட்டும் போட்டோவைப் பார்த்து வரைந்த பெரிய மனிதர்கள். அங்கேயே கடைநிலை ஊழியனாக இருந்தவனை, கோப்பின்மேல் தேநீரைச் சிந்தினான் என்று வீட்டுக்கு அனுப்பியவர் இந்தத் துணைவேந்தர். தேநீர் அவன் கைகளையும் வேகவைத்ததை அவர் பார்க்கவில்லை. படம் திருப்தியாக வந்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று இப்போது பெரிய மனசு பண்ணியிருந்தார்.

"வேலையைத்தான் புடுங்கினாரு. இப்ப உடம்பும் வேணுமாம்," என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு உக்காருடா. மடிப்பு கலையுது."

படத்தில் முகத்தைத் தொடும்போது எதிர் நாற்காலி காலியாக இருக்க வேண்டும். தொழில் சொல்லிக்கொடுத்தவர் அக்காவிடம் வாங்கிய சத்தியம் அது. ஏன் என்று அவள் கேட்டதில்லை, மீறியதுமில்லை. ஆனால் படத்தைத் திறந்துவைப்பது நாளைக் காலை. கழுத்தோரத்து மடிப்பு பாக்கி, முகமும் பாக்கி.

"நீ எழுந்திரிக்க வேணாம். ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடறேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலை வெளிச்சம் சன்னலோரம் அழுக்குத் தண்ணீராய்த் தேங்கி நிற்க, டர்பென்டைன் வாடையும் ஈரத்துணி வாடையும் ஒன்றாய்ப் புழுங்க, ஆள் உயர கேன்வாஸுக்கு அப்பால் நாற்காலி முனகுவதையும் தம்பி இருமுவதையும் கேட்டபடியே அவள் தாடையை வரைந்தாள். பிறகு மூக்கு.

"மூச்சு ஒரு மாதிரியா இருக்குக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கடா. உனக்காகத்தானே."

கண்களை வைத்தாள்.

"அக்கா, லைட்டை அணைச்சிட்டியா?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் கை நின்றது. பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாமல் வாசலில் வந்து நின்றானே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. கை மறுபடி நகர்ந்தது. உதடுகளை வரைந்து முடித்தாள்.

இருமல் நின்றுவிட்டது.

"டேய்."

மழை.

"தூங்கிட்டியாடா?"

நாற்காலி முனகியது. தொண்டையைச் செருமும் சத்தம். தம்பியின் செருமல் அல்ல.

"கன்னத்துல இன்னும் கொஞ்சம் சிவப்பு கூட்டும்மா."

தூரிகை கீழே விழுந்தது. கேன்வாஸைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அங்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்துக்கு மேலே துணைவேந்தரின் முகம். காயாத முகம். அவள் தூரிகை இழுத்த கோடுகள் கன்னத்தில் வரிவரியாக. தாடையிலிருந்து ஒரு சொட்டு வழிந்து சரிகையில் விழுந்தது.

"படம் நல்லா வந்திருக்கு," என்றது அது. "எங்க உன் தம்பி? வரச் சொல்லு. வேலை போட்டுத் தரேன்."

முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. கீழே, அங்கியின் சிவப்புக் கைகளுக்குள்ளிருந்து வெந்த தழும்போடு இரண்டு கைகள் தாமாக எழுந்தன. காற்றில் தடவித் தடவி, அவள் முந்தானையைக் கண்டுபிடித்து, இறுகப் பற்றிக்கொண்டன.