மெர்சி வெல்லில் ஒரு படையல்

கிட்டுசாமி கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள், குட்டிச்சுவரில் வைத்த சோறு காணாமல் போயிருந்தது. காக்கை கொத்தியிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஊரில் காக்கை என்ன, ஈ கூட இல்லை. பேப்பர் தட்டு மட்டும் வைத்த இடத்திலேயே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், நக்கி எடுத்ததுபோல் ஈரமாக இருந்தது.

அமாவாசை விஷயத்தில் கிட்டுசாமி கறார்ப் பேர்வழி. சூரியனே லீவு போட்டாலும் காக்கைக்குச் சோறு வைக்காமல் பச்சைத்தண்ணீர் பல்லில் பட விடமாட்டார். அமெரிக்காவில் அவர் குடியிருந்த ரிச்சர்ட்சன் ஊர்க் காக்கைகளெல்லாம் அவர் வீட்டுக் கூரையில்தான் கிரீன் கார்டு வாங்கின என்று ஆபீசில் பேச்சு. அந்த வருஷம் பார்த்துத் தை அமாவாசை லாங் வீக்கெண்டில் வந்து விழுந்தது. மனைவி புஷ்பவல்லியோ பாலைவனம் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். சோற்றையும் அவளையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பிவிட்டார். டெக்சஸ் லேசில் தீருகிற ஊரா? மீசை கறுப்பாக ஏறியவன் நரையோடுதான் இறங்குவான்.

மெர்சி வெல், பாதரசச் சுரங்கத்தை நம்பிப் பிறந்து அதோடு செத்துப்போன ஊர். கூரையில்லாத வீடுகளின் வழியே நடுப்பகல் வெயில் ஒழுகிக்கொண்டிருக்க, துருப்பிடித்த தகரமொன்று எங்கேயோ காற்றில் முனகிக்கொண்டிருக்க, அத்தனை வறட்சிக்கு நடுவிலும் மக்கிய பலகைகள் அடைத்த சுரங்க வாயிலிருந்து மட்டும், அடைமழைக்குப் பின் குழி தோண்டினால் வருமே, அந்த ஈரமண் வாசனை வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க, உங்க தாத்தா தட்டை மட்டும் மிச்சம் வெச்சிட்டாரே" என்றாள் புஷ்பவல்லி.

"கிண்டல் பண்ணாத புள்ள. இன்னொரு பிடி பிசைஞ்சு வை."

அவள் வலது கையை மணிக்கட்டு வரை தயிர்சாதத்தில் விட்டுப் பிசைந்தபடியே, சுரங்க வாயருகே நட்டிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தாள். "இங்க பாருங்க. சுரங்கம் இடிஞ்சு உள்ள மாட்டுனவங்கள எடுக்கவே இல்லையாமா. ரெஸ்க்யூ பண்ணப் போனா மிச்சமும் இடிஞ்சிரும்னு அடைச்சிட்டாங்களாம். நாள்கணக்கா உள்ளிருந்து தட்டிட்டே கெடந்திருக்காங்க."

"செரி, வா. போலாம்."

"பாவம், பட்டினியில போயிருக்காங்க. உங்காளுங்க கோபிச்செட்டிபாளையத்துல இருந்து பிளைட் புடிச்சு வர்றதுக்குள்ள இவங்களாச்சும் சாப்பிடட்டும்." சிரித்துக்கொண்டே சுரங்க வாயை அடைத்த பலகைகளின் இடுக்கில் குனிந்தாள். "வாங்கப்பா. எல்லாரும் சாப்பிட வாங்க."

அவள் கூப்பிட்டால் பக்கத்து மாவட்டத்திலிருந்தே பதில் வரும், அப்பேர்ப்பட்ட குரல். அன்றைக்கு எதிரொலி கூட வரவில்லை. தகரம் முனகுவதும் நின்றுவிட்டது.

டொக்.

உள்ளிருந்து. கீழே, மிக ஆழத்தில்.

டொக். டொக்.

"வண்டில ஏறு" என்றார் கிட்டுசாமி.

பலகை ஒன்று பெயர்ந்து, ஒரு கை வெளியே வந்தது. சாம்பல் நிறம். நகங்கள் இல்லை; சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த எலும்பு நுனிகள். உள்ளங்கையை மேலே காட்டி நின்றது.

புஷ்பவல்லி, பாவம், பழக்கதோஷத்தில் ஒரு பிடி வைத்துவிட்டாள்.

கை உள்ளே போனது. இரண்டு கை வந்தது. அப்புறம் பலகைகளே இல்லை.

கண்ணிருந்த இடத்தில் சிவப்பு மண் அடைந்த முகங்கள். கிட்டுசாமி புளியோதரையைப் பாத்திரத்தோடு வீசினார். அவர்கள் அதன்மேல் விழுந்தார்கள். ஒருவன் கோடரியால் இன்னொருவன் தாடையைப் பிளந்து, அதற்குள் கிடந்த பருக்கையை விரலால் வழித்தெடுத்தான். ரத்தம் வரவில்லை. தூசிதான் வந்தது. வடை போனது. அப்பளம் போனது. காலிப் பாத்திரத்தை ஒருவன் கடித்தான். பல் உடைகிற சத்தம். மறுபடி கடித்தான்.

பிறகு எல்லா முகங்களும் திரும்பின. தயிரும் சோறும் அப்பியிருந்த புஷ்பவல்லியின் வலது கையை நோக்கி.

"கையைத் துடை. சேலையில துடை புள்ள."

துடைப்பதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அவர் இடது கையைப் பிடித்தார். காலை உதைத்து ஊன்றினார். இழுத்தார். அவர்களும் இழுத்தார்கள். ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அவள் அலறல். வளையல் உடைந்து அவர் உள்ளங்கையில் ஏறியது. பிடி வழுக்கியது.

மல்லாந்து விழுந்தார்.

எழுந்து பார்த்தபோது சண்டை ஓய்ந்திருந்தது. சுரங்க வாயிலிருந்து தெருவின் கடைசி வரை, எதிரும் புதிருமாக, பந்திக்கு உட்காருவதுபோல் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புஷ்பவல்லி. கண் திறந்திருந்தது, உதடு "ஏனுங்க, ஏனுங்க" என்று சத்தமில்லாமல் அசைந்தது. அவள் தோளிலிருந்து ஆரம்பித்து, கைக்குக் கை மாற்றி, ஒருவரையும் விட்டுவிடாமல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆள்வரை அது எட்டவில்லை.

அவன் காலியான உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து, கிட்டுசாமியின் பக்கம் கையை நீட்டினான்.