வெற்று வரிகள்

"இருக்கியளா? லைன்ல இருக்கியளா?"

முப்பிடாதி கேட்டுக்கொண்டே இருந்தாள். கொம்பையா லைனில்தான் இருந்தான். நிலவுக்கும் விளாத்திகுளத்துக்கும் ஒரு சொல் போய்ச்சேர இரண்டு நொடி போதும். ஆனால் அவன் "இருக்கேன்" என்று சொன்னபோது அவள் உலை வைத்து அரிசியும் களைந்து போட்டிருந்தாள்.

அவனுக்கோ, மனைவி மூச்சு விடாமல் படபடப்பதாகத் தோன்றியது. ஒரு கேள்விக்கு வாய் திறப்பதற்குள் நாலு கேள்வி வந்து விழுந்துவிடும்.

"ஒங்க உடம்பப் போயிப் பாத்தேன்," என்றாள். "நகம் வளந்து கெடந்துச்சு, வெட்டிவிட்டேன். அந்த உடம்பும் பேச மாட்டேங்கு, நீங்களும் பேச மாட்டேங்கிய. நான் ஆருகூடத்தான் குடும்பம் நடத்த?"

உடம்பு தூத்துக்குடி உறைகூடத்தில், குளிரில் மூச்சு மட்டும் ஓடக் கிடந்தது. இப்போதெல்லாம் கூலிக்கு ஆள் போவதில்லை, ஆளின் எழுத்துதான் போகிறது. மனதை வரிவரியாக எழுதிக் கோப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். நிலவுக் குவாரியில் ஓர் இரும்புடல் அந்தக் கோப்பை ஓட்டியபடி பாறை உடைக்கும்.

"அடுத்த தடவ ஒண்ணு கேப்பேன். இந்த ஒப்பந்தம் முடிஞ்சா வருவியளா, மாட்டியளா? கேட்ட ஒடனே சொல்லணும். யோசிச்சு வார பதிலு எனக்கு வேண்டாம். இல்லன்னா அந்த உடம்ப எரிச்சுப்போட்டு என் சோலியப் பாத்துட்டுப் போறேன்."

அவன் 'அப்படிச் சொல்லாதே' என்பதற்குள் லைன் அறுந்திருந்தது.

மறுநாள் வேலைக்கு இறங்குமுன், குவாரி வாசலில் வரிமாற்றியை ஓட்டும் ரீகனிடம் போய், தன் பதில் ஏன் இப்படிப் பிந்துகிறது என்று கேட்டான். ரீகன் மணப்பாட்டுக்காரன். கொம்பையாவின் கோப்பைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஒம்ம கோப்புல முக்காவாசி ஒண்ணுமே இல்ல வே!"

ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்துக்கும் ஒரு வழக்கம். சிலவற்றில் ஒரு வரி முடிந்தால் இரண்டு குறி: ஓரத்துக்குப் போ, கீழே இறங்கு. சிலவற்றில் இறங்கு மட்டும். ஒன்றை மற்றதாக்குவதுதான் வரிமாற்றியின் வேலை. மட்டமான வரிமாற்றி இரண்டு குறியையும் இரண்டு முடிவென்று எண்ணி, நடுவே ஒரு வெற்று வரி விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதையும் கடந்துதான் மனம் அடுத்த நினைப்புக்குப் போக வேண்டும். கம்பெனி மாற மாற வெற்று வரி பெருகும். ஒரே கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் மேலாட்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குவாரி குவாரியாக மாறிய கொம்பையாவுக்கு ஒரு நினைப்புக்கும் அடுத்த நினைப்புக்கும் நடுவே பொட்டல் காடு.

"அதச் சலிச்சு எடுத்திரலாமா?" என்றான் கொம்பையா.

"எடுக்கலாம். ஆனா ஒண்ணு. ஊர்லருந்து வரும்போதே ஒமக்குன்னு கொஞ்சம் வெறும் வரி இருந்திருக்கும். எல்லாருக்கும் இருக்கும். அதும் சேந்து போயிரும்."

"என்னோடது எதுன்னு பாத்து விட்டுரலாம்லா?"

"வெறும் வரில பேரா எழுதியிருக்கு?"

கொம்பையா முப்பிடாதியை நினைத்துக்கொண்டான். "எல்லாத்தையும் எடுத்துரும்," என்றான்.

எடுத்ததும் உலகம் நின்று நிதானித்தது போலிருந்தது. பக்கத்தில் உடைப்பவன் பேசுவது முழுசாகக் காதில் விழுந்தது. கிண்டல் பண்ணினால் உடனே திருப்பிக் கிண்டல் பண்ண முடிந்தது. எத்தனையோ காலம் கழித்து வாய்விட்டுச் சிரித்தான்.

அன்று மதியம் மேற்பார்வையாளர் வந்தார்.

"கொம்பையா, அடுத்த ஒப்பந்தமும் இங்கேயே இருந்துடறியா?"

"சரிங்கய்யா."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். வாய்ச்சொல்லே கையெழுத்து என்பது குவாரிச் சட்டம்.

கொம்பையா கையில் தூக்கிய உளியோடு நின்றான். மேலாள் கேட்டால் அவன் நாக்கில் முதலில் நிற்பது எப்போதும் அந்தச் சொல்தான். வயிற்றுப்பாட்டுக்காகச் சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியது. ஆனால் அந்தச் சொல்லுக்கும் வாய்க்கும் நடுவே முன்பெல்லாம் கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தில் முப்பிடாதி வந்து நிற்பாள். இன்றும் அவளைப் பார்த்துவிட்டு, "இல்லங்கய்யா, ஊருக்குப் போகணும்" என்று மாற்றிச் சொல்லியிருப்பான்.

ஓடிப்போய் மேற்பார்வையாளரை மறித்தான். "அய்யா, நான் சொன்னது..."

"என்ன, இருக்கேன்னுதானே சொன்னே?"

"ஆமாங்கய்யா."

மறுபடியும் அதுவே முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி கூப்பிட்டாள். நலம் கேட்கவில்லை.

"வருவியளா?"

"வருவேன்."

அந்தப் பக்கம் விசும்பலும் சிரிப்புமாக வந்தது. "கேட்ட ஒடனே சொல்லிட்டிய! எம்புட்டு நாளாச்சு இப்படிக் கேட்டு! நாளைக்கே கூடத்துல சொல்லி உடம்ப வெயில்ல ஒக்கார வைக்கச் சொல்லுதேன். ரத்தம் ஓடணும்லா?"

"சொல்லு."

"சட்டை எடுத்து வைக்கேன்."

"வையி."

அடுத்த ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் தவித்தான். அதைத் தொடங்க ஒரு சின்ன இடைவெளி வேண்டியிருந்தது. அவள் கேட்கக் கேட்க அவன் வாய் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நெசமாத்தானே சொல்லுதிய?"

"நெசமாத்தான்," என்றான் கொம்பையா.