ஒரு சொட்டுத் தண்ணீர்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பத்தேழாம் வருடம். தியாகதுருகம் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. கணவனுக்கு மாத்திரை வாங்கப் போன ஆயம்மாள், மரங்களை ஏறித் தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஜெபவீட்டுத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தத் தெரு முழுக்க ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஆயம்மாள் ஒருத்திதான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்த அவள் கணவன் கண்ணாயிரம் தினமும் அதையேதான் சொல்வான்.

"கர்த்தர் திடீர்னு வருவாரு ஆயம்மா. என்னை எடுத்துக்கினு பூடுவாரு. நீ மட்டும் நின்னுக்கினு இருப்ப."

சொல்லிவிட்டு டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவான். தண்ணீர் வேண்டுமாம். போன ஞாயிறுகூடப் பாஸ்டர், நரகத்தில் எரிகிறவன் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கதறுவான் என்று பிரசங்கித்தார். "பரலோகம் போறவருக்கே இவ்ளோ தாகமா?" என்று அவள் கணவனைக் கேலி செய்திருந்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளின் ஆட்டுக்கல்லில் மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது. அடுப்பில் சோறு தீய்ந்து நாறியது. எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

கர்த்தரின் வருகை நடந்துவிட்டது.

தன் வீட்டுக்குள் ஓடினாள். கட்டில் காலி. போர்வைக்குள் அவன் சட்டை மட்டும், ஒரு பட்டனும் கழலாமல், படுத்த வாக்கில் கிடந்தது. தொட்டாள்.

சூடாக இருந்தது.

"என்னை உட்டுட்டுப் போயிட்டியே மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே பேச்சுக்குரல்கள். லட்சுமியம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள். பின்னால் பாஸ்டர், தெரு ஜனம்.

"போலீசு வேன் வருதுன்னு எவனோ கத்தினான். எல்லாரும் கரும்புக்குள்ள ஓடிட்டோம். இன்னாத்துக்கு அழுவுற?"

ஆயம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அவர யாரு தூக்கினு போனீங்க?"

லட்சுமியம்மாள் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க தூக்கலியே. எனக்கு இன்னா ஆவப்போவுது, நீங்க ஓடுங்கன்னாரே."

லாந்தரோடு கரும்புக்காட்டிலும் கிணற்றிலும் தேடிவிட்டு வந்தார்கள். கடைசியில் பாஸ்டர் கைகளை உயர்த்தினார். "பாக்கியவான்! கர்த்தர் எடுத்துக்கினாருங்க. ஸ்தோத்திரம்!"

எல்லாரும் அழுதுகொண்டே பாட ஆரம்பித்தார்கள். ஆயம்மாளும் பாடினாள். அவன் நல்ல இடத்தில்தான் இருக்கிறான் என்ற ஆறுதல் ஒன்று போதும் அவளுக்கு.

டங்.

பாட்டு நின்றது.

டங். டங்.

கட்டில் கம்பியிலிருந்து வந்தது. டம்ளரோ எல்லார் கண்ணெதிரே தரையில் அசையாமல் இருந்தது.

"ஆயம்மா..." வறண்ட குரல், காலிப் படுக்கையிலிருந்து. "ஒரு சொட்டு..."

பாஸ்டரின் முகம் வெளுத்தது. பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். தெருவும் அவர் பின்னால் போனது.

ஆயம்மாள் குடத்தை இழுத்து வந்து, மொண்டு மொண்டு ஊற்றினாள். நீர் அந்தரத்திலேயே சுர்ரென்று ஆவியானது. போர்வையில் ஒரு துளிகூட விழவில்லை.

குடம் காலியாயிற்று.

டங். டங். டங்.