பட்டினி போட்ட பேட்டரி

"பேட்டரி வித்த கடைக்காரனை உள்ள தள்ளியாச்சு சார். அவன் வெளியவே வராதபடி நீங்க துப்பு கண்டுபிடிச்சுத் தரணும்."

வந்தவர் பஸ் டிரைவர். தம்பியைப் பறிகொடுத்தவர். முகத்தில் சவரம் இல்லை, கண்ணில் தூக்கம் இல்லை. பையிலிருந்து பாதி உருகிய சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்தார். கரி நாற்றம் அறையைப் பிடித்துக்கொண்டது.

துப்பறிவாளர் அதைத் தொடாமல் பார்த்தார். அவருடைய மச்சினனுக்குத்தான் கை துறுதுறுத்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அத்தானோடு சுற்றுகிறான். ஒரு வழக்கின் முடிச்சையாவது தானே அவிழ்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை.

டிரைவரின் தம்பிக்கு ரிமோட் கார் என்றால் உயிர். வேலையாக இரண்டு மாதம் வெளியூர் போனவன், புது லித்தியம் பேட்டரி போட்ட பந்தயக் காரை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். திரும்பிய அன்று மத்தியானம் அசதியில் படுத்தான். கட்டிலுக்கடியில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து, மெத்தை பற்றிக்கொண்டது.

"கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேன் சார். சக்கரம் நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு, நல்லா பட்டினி போட்டுத்தான் எடுத்து வெச்சேன். நானும் ஒரு காலத்துல ரிமோட் கார் ஓட்டினவன்தானே?"

'பட்டினி' என்ற சொல்லைக் கேட்டதும் துப்பறிவாளரின் பேனா நின்றது. மச்சினன் அதைக் கவனித்தான். ஆனால் ஒன்றும் விளங்காமல் சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், இங்க பாருங்க! பேட்டரி வகையை மாத்துற ஸ்விட்ச், நிக்கல் பக்கமே உருகி ஒட்டியிருக்கு. லித்தியம் பேட்டரியை யாராவது நிக்கல்ல போடுவாங்களா? தப்பு செத்தவன் மேலதான்!"

டிரைவர் துள்ளி எழுந்தார். "அவன் மேல பழி போடாதீங்க! அவன் தொடவே இல்ல. நான்தான் போட்டேன். லித்தியம் பக்கம் வெச்சா சிவப்பு விளக்கு மினுக்கிச்சு, சார்ஜ் ஏறல. கொஞ்ச நேரம் நிக்கல்ல போட்டா உயிர் வரும்னு... எழுந்ததும் ஓட்டட்டும்னு..."

மச்சினன் சார்ஜரை மெல்ல மேசைமேல் வைத்தான். அத்தான் இதை இத்தோடு விட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் லாக்கப்பில் ஒரு கடைக்காரர் இருந்தார்.

"உக்காருங்க," என்றார் துப்பறிவாளர். "நீங்க அந்தக் காலத்துல ஓட்டின கார்ல இருந்தது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி. அதை முழுசா காலி பண்ணிட்டு ஏத்தினாதான் ஒழுங்கா இருக்கும். அதுக்குப் பின்னாடி நிக்கல்லயே வேற வகை பேட்டரி வந்துச்சு. அதுக்குப் பட்டினி தேவையில்ல, சும்மா வெச்சாலே வடிஞ்சிடும். லித்தியம் லேசு, வேகம் அதிகம், ஆனா பட்டினி தாங்காது. ரெண்டு மாசம் காலியா கிடந்தா உள்ளயே கெட்டுடும். அதான் சார்ஜர் ஏத்த மாட்டேன்னு சொல்லிச்சு. நிக்கல் பக்கம் தள்ளினதும் சார்ஜரால தடுக்க முடியல, கெட்டுப்போன பேட்டரியில சார்ஜ் ஏறி வெடிச்சிடுச்சு."

டிரைவர் அந்தக் கருகிய ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரர் நல்ல பேட்டரிதான் குடுத்திருக்கார்."

டிரைவர் எழுந்து, ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரில் கடைக்காரர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொல்ல வேண்டும் என்றார். "நீயும் கூடப் போ மாப்ளே," என்றார் துப்பறிவாளர். வாசலில் டிரைவர் நின்றார்.

"பாதி சார்ஜோட அப்படியே விட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"நான் எதுவுமே செஞ்சிருக்க வேண்டாமா சார்?"

"வேண்டாம்," என்றார் துப்பறிவாளர்.

மச்சினன் டிரைவரின் கையைப் பிடித்துப் படியிறங்க வைத்தான்.