அஸ்லமின் கடைசிப் படம்

கேமராவின் மேல்பக்கம் நொறுங்கியிருந்தது. ஆனால் மெமரி கார்டு போடும் இடத்தின் சிறு கதவு மூடியே இருந்தது. ரஃபியா அதைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்தாள். உள்ளே கார்டு இல்லை.

"விழுந்த வேகத்துல எங்கிட்டாச்சும் தெறிச்சிருக்கும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அழகுமலை.

"கதவு மூடியிருக்கே சார்."

மேசை மேல் ஒரு பையில் கேமரா, இன்னொரு பையில் செல்போனும் கைக்கடிகாரமும். அவளுடைய ஒரே தம்பியிடமிருந்து மிச்சமாகி வந்தவை அவ்வளவுதான்.

இரண்டு நாளைக்கு முன் கெங்குவார்பட்டிக்கு மேலே, மலைப்பாதையை ஒட்டிய பாறையிலிருந்து அஸ்லம் விழுந்துவிட்டான். மஞ்சளாறு அணை மேல் பனி விலகுவதைப் படமெடுக்க விடியுமுன்னே போனவன். மதியத்துக்கு மேல் ஆடு மேய்க்கும் சின்னக்கருப்புதான் உடலைப் பார்த்துத் தகவல் சொன்னார். விழுந்த பிறகும் இரண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதை ரஃபியா அம்மாவிடம் சொல்லவில்லை.

"காலையில ஆறு நாப்பதுக்கு வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல படம் போட்டிருக்கான் சார். கேமராவுல எடுத்தது. அப்ப கார்டு உள்ளதான் இருந்திருக்கு."

"அந்த ஆடு மேய்க்கிற ஆளு எடுத்திருப்பாரு. கூட்டியாரச் சொல்லியிருக்கேன்."

சின்னக்கருப்பு வாசல் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ரஃபியாவைப் பார்த்ததும் எழுந்தார். "கேமராவத் தொடலத்தா. வெயிலு மொகத்துல அடிச்சுச்சு. என் துண்டப் போட்டு மூடுனேன். அம்புட்டுத்தான்."

ரஃபியா உள்ளே திரும்பினாள். "களவாங்குற ஆளா இருந்தா லென்ஸக் கழட்டியிருப்பாக சார். அது முழுசா இருக்கு, நல்ல வெலையும் போகும். எடுத்தவுக கார்ட மட்டும் எடுத்து, கதவப் பழையபடி மூடி வச்சிருக்காக. கார்ட எடுத்தா ஒடனே கதவ மூடுறது கேமரா புடிக்கிற கைக்குத்தான் பழக்கம்."

"அப்ப யாரச் சந்தேகப்படுறீங்க?"

சொல்ல அவளிடம் பெயர் எதுவும் இல்லை. அஸ்லமோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்திய சுரேஷ்கண்ணன் அன்று காலை கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் படமெடுக்கப் போயிருந்ததாகச் சொல்லியிருந்தான். ஜனாஸா அடக்கத்துக்குப் போன நாளில் அவன்தான் எல்லோருக்கும் முன்னால் தோள் கொடுத்தான். போலீஸில் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். கார்டுக்காகச் சின்னக்கருப்பை மட்டும் அவ்வப்போது கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ரஃபியா தேனியில் கலர் லேப் வைத்திருந்தாள். வீரபாண்டி முதல் கூடலூர் வரை கல்யாண ஆல்பமும் கேன்வாஸும் அங்கேதான் அச்சாகின. ஒரு வாரத்தில் கடையைத் திறந்துவிட்டாள். அம்மா வீட்டிலேயே தங்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை கூடலூர் போட்டோகிராஃபர் ஒருவர் வந்தார். வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தை இருபத்துநாலுக்கு முப்பத்தாறு இஞ்சில் அடித்துத் தரக் கேட்டார்.

"நீளத்துல ஆயிரத்தி அறநூறு பிக்சல்தான் இருக்கு," என்றாள் ரஃபியா. "இஞ்சுக்கு முந்நூறுன்னு வச்சா அஞ்சு இஞ்சு சொச்சம். கேன்வாஸ் தள்ளி நின்னு பாக்குறது, நூத்தம்பதே போதும். அப்பவும் பதினோரு இஞ்சத் தாண்டாது. நீங்க முப்பத்தாறு கேக்குறீக. கேமராவுல உள்ள ஒரிஜினல் ஃபைலக் கொண்டாங்க."

"ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டுப் பெருசாக்கிரலாம்லக்கா?"

"ஆக்கலாம். இல்லாதத அதுவா வரைஞ்சு தரும். மூக்கு முழியெல்லாம் அழகாத்தான் இருக்கும். ஆனா அது இவுக மூக்கா இருக்காது."

அஸ்லம் குரூப்பில் போட்ட படத்தையும் அவள் அச்செடுத்திருந்தாள். கேமராவிலிருந்து போனுக்கு வந்த சிறு நகல் அது, வாட்ஸ்அப்பில் இன்னும் சுருங்கியிருந்தது. தபால் அட்டை அளவுக்கு மேல் அதை இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'மூணு வருசமா வந்து வந்து பாத்தேன். இன்னைக்குத்தான் தெறந்துச்சு' என்று படத்தோடு எழுதியிருந்தான்.

அஸ்லமுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, உத்தமபாளையத்தில் அம்மா கைருன்னிசாவின் வீட்டில் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் சுரேஷ்கண்ணன் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கையில் துணி சுற்றிய பெரிய சட்டகம்.

"உங்க வீட்டுல ஆள் படத்த மாட்ட மாட்டீகள்லம்மா. அதான், அவன் கடைசியா எடுத்த எடத்தையே கொண்டாந்தேன்."

துணியை விலக்கினான். பனி இரண்டாகப் பிரிந்து கிடக்க, நடுவில் அணைத் தண்ணீர் வெள்ளித் தகடாக மின்னியது. கைருன்னிசா கண்ணாடியை உள்ளங்கையால் தடவினாள். "இம்புட்டு அழகாவா இருந்துச்சு அந்த எடம்," என்றாள்.

ரஃபியா பக்கத்தில் வந்து குனிந்தாள். இத்தனை வருடப் பழக்கம், எந்த அச்சைப் பார்த்தாலும் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பாள். கீழ் ஓரத்தில் மலைப்பாதை வளைந்தது. வளைவில் மஞ்சள் பலகை. அதில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. அவள் இன்னொரு முறை படித்தாள்.

"எந்த ஃபைல்டா இது?"

"குரூப்புல போட்டானேக்கா, அதுதான். எனக்கும் அனுப்பியிருந்தான். சாஃப்ட்வேர்ல போட்டுப் பெருசாக்குனேன். மதுரையில பிரிண்ட் எடுத்தேன்."

"இங்கன நம்ம லேப்லயே போட்டிருக்கலாமே."

"உங்க கையில இத எப்படிக்கா குடுக்குறது?"

அவன் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று ரஃபியாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தான் நினைப்பது பொய்யாகிவிட வேண்டும் என்று துஆ கேட்டாள்.

மறுநாள் லேப் திறந்ததும் குரூப்பில் இருந்த படத்தை எடுத்தாள். மஞ்சள் பலகையைப் பெரிதாக்கினாள். மஞ்சளுக்குள் கறுப்பாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். பெரிதாக்கும் சாஃப்ட்வேர் அவளிடம் மூன்று இருந்தன. மூன்றிலும் போட்டாள். புல்லும் பனியும் கூர்மையாக வந்தன. பலகையில் மட்டும் தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல் ஏதோ புழுக்கள் நெளிந்தன. எழுத்தாக ஒன்றும் வரவில்லை.

மூன்று அச்சுகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஸ்டேஷனில் அழகுமலை அவற்றையும், அம்மா வீட்டுச் சட்டகத்தை அவள் போனில் பிடித்திருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நாள் குடுங்கம்மா. அந்தச் சுரேஷ்கண்ணன் போன் அன்னைக்கு எங்க இருந்துச்சுன்னு கேட்டு வாங்குறேன்."

மூன்றாம் நாள் சுரேஷ்கண்ணன் லேப்புக்கு வந்தான். ரஃபியாதான் வரச் சொல்லியிருந்தாள். உள்ளே சாதாரணச் சட்டையில் அழகுமலை உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"உக்காருடா," என்றாள். மூன்று அச்சுகளையும் சட்டகத்தைப் பிடித்த படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தாள். "இந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"தெரியலக்கா."

"இதுல?"

"தெரியல."

"இதுலயும் தெரியாது. நீ கொண்டாந்ததுல மட்டும் 'ஒலி எழுப்பவும்'னு இருக்கு. சாஃப்ட்வேருக்கு அதத் தெரியாதுடா. கேமராவுல விழுந்த ஒரிஜினல்லதான் அது இருக்கும். அந்த ஒரிஜினல் ஒரே ஒரு கார்டுலதான் இருந்துச்சு."

அவன் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குக் காலையில எங்க இருந்தீங்க?" என்றார் அழகுமலை.

"கம்பத்துல."

"ஒங்க போன் அணைக்குக் கிட்டக்க, தேவதானப்பட்டி டவர்ல இருந்திருக்கு. ஆறரையிலருந்து எட்டு வரைக்கும்."

சுரேஷ்கண்ணன் பர்ஸை எடுத்தான். உள்மடிப்பிலிருந்து, டிஷ்யூ தாளில் பொதிந்த கார்டை மேசையில் வைத்தான்.

"தள்ளி விடலக்கா. சத்தியமா தள்ளல." மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். "டீ வாங்கிட்டுப் போனேன். என்னைப் பாத்துச் சிரிச்சு ஒரு போட்டோ எடுத்தான். படம் கெடச்சிருச்சு மாப்ளன்னான். பெங்களூர்ல வேல கெடச்சதையும் அங்கதான் சொன்னான். ஸ்டுடியோவ நீயே பாத்துக்கன்னான். எனக்கு ஆங்காரமா வந்துச்சு. நில்றான்னு கேமரா வாரப் புடிச்சு இழுத்தேன். அவன் உருவிக்கிட்டுப் பின்னால போனான். பாறை ஈரமா இருந்துச்சுக்கா."

"கீழ எறங்குனியா?"

"எறங்குனேன். கார்டுல என் மொகம் இருக்குன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எடுத்தேன். ஒடைச்சுப் போடத்தான் நெனச்சேன். அவன் படமெல்லாம் அதுல இருக்கே, முடியல."

"பெறகு எதுக்குடா பிரிண்ட் போட்ட?"

"அந்தப் படத்த யாருமே பாக்காமப் போயிரும்னு இருந்துச்சு. சின்னதாப் போட்டா பனி தெரியலக்கா."

ரஃபியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"நீ கெளம்புறப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

அவன் டிஷ்யூ தாளை நான்காக மடித்தான்.

"சுரேசுன்னு கூப்பிட்டான்," என்றான். "ரெண்டு தடவ."

"அங்கன சிக்னல் இருந்துச்சேடா. குரூப்புக்கு அங்கருந்துதானே அனுப்பியிருக்கான். நூத்தியெட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தா..."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழகுமலை எழுந்து அவன் தோளைத் தொட்டார். சின்னக்கருப்பை இனிக் கூப்பிட மாட்டோம் என்று ரஃபியாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கார்டை உறையில் போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை அழைத்துப் போனார்.

சாயங்காலம் உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தாள். அம்மா அசர் தொழுகைக்குப் பிறகு பாயை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் அந்தப் படம் சாய்ந்திருந்தது. ரஃபியா எதிரில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். எப்படியும் நாளைக்கு ஊரே சொல்லும். அதற்கு முன் தன் வாயிலிருந்து கேட்கட்டும் என்றிருந்தாள்.

கைருன்னிசா அழவில்லை. சுரேஷைத் திட்டவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ நோன்புக்கு அஸ்லமோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தவன் அவன். சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தபடி, "என்னன்னு கூப்பிட்டானாம்?" என்று கேட்டாள்.

"சுரேசுன்னு."

"அம்மான்னு கூப்பிடலையா?"

ரஃபியா நகர்ந்து போய் அம்மாவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.