ஒன்றிலிருந்து பத்து வரை

திரும்பி வந்த குரல் மூச்சை இழுத்தது. ஜானு மூச்சை இழுக்கவில்லை.

அந்த நவம்பரில் ரிசீவருக்குள் தன் குரல் ஓர் இமைப்பொழுது தாமதித்துத் திரும்புவது அவளுக்குப் புதிதன்று. மழை தொடங்கிவிட்டால் மயிலாப்பூரின் பாதித் தொலைபேசிகள் இரையும், மீதி ஊமையாகும். ஆனால் அன்று மாலை நான்கு மணிக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனவள் ஐந்தில் நிறுத்தியபோது, மறுமுனையில் திரும்பிய அவளுடைய குரலும் ஐந்தில் நின்றது. நின்று, ஆறைச் சொல்லப்போகிறவள்போல் மெல்ல ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

"பத்து வரைக்கும் எண்ணுங்க மேடம். லைன் இன்னும் க்ளியர் ஆகலை" என்றான் எக்ஸ்சேஞ்ச்காரன்.

மூன்று நாளாக அவன் பேசுகிறான். பெயர் சொன்னதில்லை, "எக்ஸ்சேஞ்சிலிருந்து" என்பதே அவனுக்குப் பெயர். முதல் நாள் எண்ணச் சொன்னான். மறுநாள் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னான். ஒலிகள் வெவ்வேறாக இருந்தால்தான் பழுது புலப்படுமாம். கணவர் சங்கரன், மதுரைக்கு ஆடிட் போயிருக்கிறார், வர நான்கு நாளாகும்; மகள் ஹம்சினி, ஒன்பது வயது, மெஹபூப்பின் ஆட்டோவில் பாட்டு வகுப்புக்குப் போய்வருகிறாள். எல்லாவற்றையும் ஜானு சொன்னாள். பிறகு, உரத்த குரலையும் சோதிக்க வேண்டும், குழந்தையைத் தெருவிலிருந்து கூப்பிடுவதுபோல் ஒருமுறை கூப்பிடுங்கள் என்றான். வெட்கத்தோடு கூப்பிட்டாள்: "ஹம்சு, வாடி கண்ணா, ஆத்துக்குப் போலாம்."

இன்று பத்தையும் எண்ணி முடித்தபின் அவன் குரல் தாழ்ந்தது.

"அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் நம்ம ஆள் உங்க தெருமுனைக் கம்பத்துல ஏறுறார் மேடம். எத்தனை தடவை மணி அடிச்சாலும் ரிசீவரைத் தொடாதீங்க. நீங்க எடுத்தா ஷாக் அவருக்கு."

"தொடமாட்டேன் சார். பாவம், மழை வேற."

"நல்ல மனசு மேடம் உங்களுக்கு."

கீழ்த்தளத்தில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருக்கும் சுந்தரவல்லி நேற்றே எச்சரித்திருந்தாள். திருநெல்வேலிப் பேச்சு, மனத்தில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாது.

"தெனம் போன் பண்ணி எண்ணச் சொல்லுதானா? எந்த ஊர்லக்கா லைன்மேன் இப்படிப் பண்ணுதான்? பாடவும் சொன்னான்னா சொல்லுங்க, நான் முன்வரிசையில வந்து உக்காருதேன்."

"போடி. அவா வேலையை அவா பண்றா."

"வெளையாட்டு இல்லக்கா. அடுத்த தடவை வந்தா வச்சிருங்க. வச்சிட்டு, புத்தகத்துல நம்பர் பாத்து நீங்களே ஆபீசுக்குப் போட்டுக் கேளுங்க. அவன் நெசமான ஆளுன்னா அதுல என்ன கோவம்?"

ஜானு கேட்கவில்லை. கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கட்டளையிடும் குரல் எதுவானாலும் கைகட்டி நிற்கப் பழக்கப்பட்டவள் அவள். தந்தையின் குரல், தலைமையாசிரியரின் குரல், மாமனாரின் குரல், அலுவலகத்தின் குரல்! கேள்வி கேட்டால் திமிர், கேளாதிருந்தால் குணம் என்று அவளை வளர்த்தார்கள். குணவதி என்று பெயரும் வாங்கினாள். அந்தப் பெயரைத்தான் அவன் இப்போது மறுமுனையிலிருந்து தடவிக்கொடுத்தான்.

நான்கரைக்கு ஹம்சினி சுருதிப்பெட்டியோடு மெஹபூப் பாஷாவின் ஆட்டோவில் ஏறினாள். கோட்டூர்புரத்தில் பாட்டு வகுப்பு. ஆறு மணிக்கு அதே ஆட்டோவில் திரும்புவாள். பாட்டு மாமி கண்டிப்பானவள். மெஹபூப் பாஷாவைத் தவிர வேறு யார் அழைக்க வந்தாலும், வீட்டுக்குத் தொலைபேசி செய்து, தாயின் குரலைக் காதால் கேட்ட பிறகுதான் குழந்தையை வாசல் தாண்ட விடுவாள்.

ஐந்து மணி.

மழையின் இருட்டு தெருவில் இறங்கியிருந்தது. ஜானு சன்னலருகே நின்று பார்த்தாள். முனைக் கம்பத்தின் உச்சியில், கம்பிகள் பின்னிக்கிடக்கும் இடத்தில், கறுத்த மழைக்கோட்டு ஒன்று கம்பத்தை அணைத்துக்கொண்டிருந்தது. உண்மைதான், ஆள் ஏறியிருக்கிறான். அவளுக்கு நிம்மதி வந்தது. முந்தைய ஆண்டு லஸ் முனையில் மின்கம்பத்திலிருந்து ஒருவன் விழுந்ததை அவள் கண்டிருக்கிறாள். நனைந்த துணிமூட்டை விழும் ஓசை அது. கறுகிய முடியின் நாற்றம் பல நாள் அவள் சமையலறைக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. தன் கையால் இன்னொருவன் அப்படி விழக்கூடாது.

ஐந்து இருபதுக்குத் தொலைபேசி மணி அடித்தது.

கூடத்து மர முக்காலியில், பின்னல் விரிப்பின் மேல், அந்தக் கறுப்புக் கருவி அதிர்ந்தது. எத்தனையோ நாள் கேட்ட மணிதான். ஆயினும் ஈரச் சுவர்களில் மோதி, பித்தளைப் பாத்திரங்களுக்குள் புகுந்து, அவள் பல்வரிசை வரை வந்து நடுங்கிய அந்த ஓசையில் ஒரு மன்றாட்டு இருந்தது. கை தானாக நீண்டது. பின்வாங்கினாள். கம்பத்தின் மேல் ஒருவன் இருக்கிறான். இரண்டாம் மணி. மூன்றாம் மணி. சேலைத் தலைப்பால் இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டாள். நான்காம் மணி.

ஐந்தாவது பாதியில் அறுந்தது.

கூப்பிட்டவர் வைத்துவிட்டால் அப்படி அறுவதில்லை. யாரோ எடுத்தால்தான் அப்படி அறும்.

வீட்டில் வேறு கருவி இல்லை. வேறு ஆளும் இல்லை. ரிசீவர் தன் இடத்திலேயே கிடந்தது. அதற்குள்ளிருந்து, மூடிய டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டுபோல, மெலிதாக ஒரு பேச்சு. ஜானு குனிந்தாள். தொடவில்லை. காதை மட்டும் அருகே கொண்டுபோனாள்.

"ஆமாம் மாமி, நான்தான். சங்கரனோட ஆபீஸ் கார். மெஹபூப் வரலை இன்னிக்கு. அனுப்பிடுங்கோ."

அவள் குரல்.

அவளுடைய இழுப்பு. மழை தொடங்கியதிலிருந்து அவளைப் பிடித்திருந்த அதே சளி. வாக்கியம் முடிந்ததும் அவள் விடும் அந்தச் சிறு மூச்சு.

எடு, என்றது உள்ளம். எடுத்தால் அவன் செத்துப்போவான், என்றது அதே உள்ளம். எத்தனை விநாடி அப்படி நின்றாளோ தெரியாது. சன்னலைப் பார்த்தாள். காற்று ஒன்று தெருவைக் கடந்தது. கம்பத்து மழைக்கோட்டு உப்பியது, புரண்டது, இரண்டு கைகளையும் அகல விரித்தது. உள்ளே யாருமில்லை. கயிற்றில் கட்டிய வெறுங்கோட்டு.

பாய்ந்து எடுத்தாள்.

ஓசையில்லை. இரைச்சல்கூட இல்லை. கருவி செத்திருந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. சுந்தரவல்லி கேள்வி கேட்காமல் கடைத் தொலைபேசியை நகர்த்தித் தந்தாள். ஜானுவின் விரல் துளைகளில் வழுக்கியது. சுந்தரவல்லியே கோட்டூர்புரத்து எண்ணைச் சுழற்றினாள்.

"மாமி, ஹம்சு எங்கே?"

"இதென்னடி கேள்வி? இப்பத்தானே உங்காத்து நம்பரைப் போட்டுக் கேட்டேன். நீதானே எடுத்தே?"

"நான் எடுக்கலை மாமி."

"அசடாட்டம் பேசாதே. ஒன் கொரல் நேக்குத் தெரியாதா? குழந்தைகிட்டயும் ரிசீவரைக் குடுத்தேன். நீ ஏதோ சொன்னே, சிரிச்சுண்டே ஓடிப்போய்க் கார்ல ஏறினாளே." மாமியின் பேச்சு அங்கே தடுமாறியது. "ஜானு... அப்போ பேசினது யாரு?"

சுந்தரவல்லி ரிசீவரை வாங்கிக்கொண்டு, கார் எண்ணைப் பார்த்தீர்களா என்று மாமியிடம் கேட்டாள். பார்க்கவில்லை. குரலைக் கேட்டபின் எண்ணை ஏன் பார்க்க வேண்டும்? உடனே அவள் போலீசுக்குச் சுழற்றத் தொடங்கினாள்.

போலீஸ் இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கு மெஹபூப் பாஷாவின் ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் யாருமில்லை.

"இன்னாம்மா, பாப்பாவ கார்ல அனுப்பச் சொல்ட்டீங்களா? எங்கையில ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மாமி வூட்டு முக்குல டீ குட்சிக்கினு இருந்தேன். வெள்ள கார் ஒண்ணு போய்க்கினு கீது, பாப்பா கண்ணாடில மூஞ்ச வச்சிக்கினு டாட்டா காட்டுது. நானும் காட்டினேன்." அவள் முகத்தைக் கண்டதும் அவன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். "இன்னாம்மா ஆச்சு?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். அப்போது மாடியில் மணி அடித்தது.

செத்த தொலைபேசியின் மணி.

படிகள். இருட்டு. ஈரச் சுண்ணாம்பின் வாடை. பின்னால் மெஹபூப் பாஷாவின் செருப்போசை. நான்காம் மணி. ஐந்தாம் மணி. ஜானு எடுத்தாள்.

கார் ஓடும் இரைச்சல். கண்ணாடியில் மழை. சுருதிப்பெட்டி எங்கோ இடித்து, பாதி ஸ்வரத்தில் முனகியது.

பிறகு அவளுடைய குரல், நிதானமாக, அன்பாக, எண்ணத் தொடங்கியது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஹம்சு என்று கத்தினாள் ஜானு. தொண்டை புடைத்தது; உதடுகள் விரிந்தன; காற்று மட்டும் போயிற்று. மீண்டும் கத்தினாள். வாசற்படியில் நின்ற மெஹபூப் பாஷா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

"நாலு. அஞ்சு."

குரல் நின்றது. ஒரு சிறு மூச்சை இழுத்தது.

"யாரோட பேசறே அம்மா?" ஹம்சினியின் குரல், மிக அருகில், தூக்கக் கலக்கத்தில், மடியில் சாய்ந்திருப்பவளின் குரல்.

"யாருமில்லடி கண்ணா" என்றது ஜானுவின் குரல். "லைன் டெஸ்ட் பண்றா. நீ தூங்கு."